மின்கம்பியின் நுனி எங்கே ஊன்றுகிறது?

"பேஸ்மேக்கர் பொருத்த வேண்டும்" என்று நாங்கள் சொன்னவுடன் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அதை எங்கே சார் வைப்பீங்க? இடப் பக்கமா, வலப் பக்கமா?" கேட்பவர் மனத்தில் இருப்பது, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் அமரப்போகும் சிறிய உலோகப் பெட்டி. அது எந்தப் பக்கம் இருந்தாலும் இதயத்துக்குப் பெரிய வேறுபாடு இல்லை. வலக் கையால் வேலை செய்பவருக்குப் பெரும்பாலும் இடப் பக்கம் வைக்கிறோம், அவ்வளவுதான். வேறுபாட்டை உண்டாக்குவது மற்றொன்று. அப்பெட்டியிலிருந்து புறப்பட்டு, இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் இறங்கும் மெல்லிய மின்கம்பியின் நுனி, இதயத் தசையில் எந்த இடத்தில் ஊன்றப்படுகிறது என்பதே அது. இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்பவர் மிகச் சிலர். எல்லாரும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

முதலில் இதயத்தின் மின்சாரப் பாதையைச் சற்று அறிந்துகொள்வோம். வல மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்னும் சிறு திசுப் பகுதி உண்டு. துடிப்புக்கான மின்தூண்டல் அங்கே பிறக்கிறது. மேலறைகளில் பரவிய பின் அது ஏவி கணு என்னும் நடுவாயிலில் கணநேரம் தயங்குகிறது. மேலறைகளின் இரத்தம் கீழறைகளில் இறங்கி முடிக்க அத்தயக்கம் தேவை. பிறகு ஹிஸ் கற்றை என்னும் ஒரே தண்டின் வழியாக இறங்கி, வலக் கிளை, இடக் கிளை என இரண்டாகப் பிரிந்து, பர்கின்ஜி நார்கள் என்னும் நுண்வலையின் மூலம் இரு கீழறைகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சென்றடைகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த வில்ஹெல்ம் ஹிஸ் 1893-இல் அந்தத் தண்டை விவரித்தார். ஜெர்மனியில் ஆய்வு செய்த ஜப்பானியர் சுனாவோ தவாரா, 1906-இல் ஏவி கணுவிலிருந்து பர்கின்ஜி நார்கள் வரை முழுப் பாதையையும் ஒன்றாக இணைத்துக் காட்டினார். நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்திருந்த இப்பாதையை, பேஸ்மேக்கர் பொருத்தும் நாங்கள் பயன்படுத்தத் தொடங்கியது மிக அண்மையில்தான். அது ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

இப்பாதையின் அருமை அதன் வேகத்தில் இருக்கிறது. பர்கின்ஜி நார்களில் மின்தூண்டல் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வரை விரைகிறது. சாதாரண இதயத் தசையில் தசையணுவிலிருந்து தசையணுவுக்குத் தாவிச் செல்லும்போது நொடிக்கு ஒரு மீட்டரைக்கூட அது எட்டுவதில்லை. ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணி மலைமேல் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு செய்தால், உச்சியில் நிற்பவரும் அடிவாரத்தில் நிற்பவரும் அதை ஒரே கணத்தில் கேட்கிறார்கள். ஒலிபெருக்கி பழுதாகி, அதே செய்தியைக் கூட்டத்தின் ஒரு மூலையில் ஒருவர் காதில் சொல்லி, அவர் அடுத்தவரிடம், அவர் அதற்கடுத்தவரிடம் என்று கடத்தினாலும் செய்தி போய்ச் சேரத்தான் செய்யும். ஆனால் இந்த மூலையில் இருப்பவர் நகர்ந்து முடிக்கும்போதுதான் அந்த மூலையில் இருப்பவர் நகரத் தொடங்குவார். இதயத்தில் இப்படி நேர்ந்தால் சுவரின் ஒரு பக்கம் சுருங்கும்போது எதிர்ப்பக்கம் தளர்ந்து கிடக்கும். சுருங்கிய பக்கத்தின் உழைப்பில் ஒரு பங்கு, இரத்தத்தை வெளியே தள்ளுவதற்குப் பயன்படாமல், எதிர்ப்பக்கத்தைப் பிதுக்குவதில் வீணாகிவிடும்.

ஏவி கணுவோ அதற்குக் கீழுள்ள பாதையோ முழுமையாக அடைபட்டுவிட்டால் மேலறையின் செய்தி கீழறைக்கு வருவதில்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30, 40 என்று இறங்குகிறது. நோயாளி தலைசுற்றி விழுகிறார், சிலர் நினைவிழக்கிறார்கள். இவர்களுக்குப் பேஸ்மேக்கர் உயிர்காக்கும் கருவி. அதில் எந்த ஐயமும் இல்லை. 1958 அக்டோபர் 8-ஆம் நாள் சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதன்முறையாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளர் வடிவமைத்த கருவியை ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர் பொருத்தினார். முதல் கருவி ஒரு நாள்கூட முழுமையாக இயங்கவில்லை. ஆயினும் லார்சன் அடுத்தடுத்து 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-இல் தம் 86-ஆம் வயதில்தான் காலமானார். அவருக்கு அறுவை செய்த மருத்துவரும் கருவியை வடிவமைத்த பொறியாளரும் அவருக்கு முன்பே மறைந்துவிட்டனர்.

லார்சனுக்கு மார்பைத் திறந்துதான் இதயத்தின் மேற்பரப்பில் கம்பியைத் தைத்தார்கள். அதே 1958-இல் நியூயார்க்கில் சேமூர் ஃபர்மன் என்ற மருத்துவர், மார்பைத் திறக்காமல் சிரை வழியாகக் கம்பியை வலக் கீழறைக்குள் செலுத்திக் காட்டினார். அவ்வாறு செல்லும் கம்பி தானாகவே வலக் கீழறையின் அடிநுனியில் போய் விழுகிறது. அங்கே தசை மேடும் பள்ளமுமாக இருப்பதால் நன்கு பற்றிக்கொள்கிறது, நழுவுவது குறைவு. பொருத்துவதும் எளிது. எனவே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் மருத்துவர்கள் கம்பியை வலக் கீழறை நுனியிலேயே ஊன்றிவந்தனர். அதுவே இதயத்துக்கு உகந்த இடம் என்று எவரும் நிறுவியதில்லை. கம்பி நிற்பதற்கு உகந்த இடமாக அது இருந்தது. இவ்விரண்டும் வேறுவேறு என்பதை உணர மருத்துவ உலகத்துக்குக் காலம் பிடித்தது, எங்களுக்கும்தான்.

இங்கே எங்கள் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த நெசவாளர் ஒருவர். வயது அறுபதைக் கடந்தவர். தறியில் அமர்ந்திருந்தபோதே மயங்கி விழுந்ததாக மகன் அழைத்துவந்தார். முழு இதய அடைப்பு. அன்றைய வழக்கப்படி வலக் கீழறை நுனியில் கம்பியை ஊன்றிப் பேஸ்மேக்கர் பொருத்தினோம். மூன்றாம் நாள் எழுந்து நடந்தார். மறுமாதம் தறிக்குத் திரும்பினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குத் தவறாமல் வருவார். பேட்டரி நன்று, கம்பி நன்று, கீழறைத் துடிப்பில் 99 விழுக்காடு கருவியே தருகிறது என்று குறித்து அனுப்புவோம்.

மூன்றாம் ஆண்டில் அவர் ஒருநாள், "கிருத்திகைக்கு மலை ஏறும்போது பாதிப் படியிலேயே மூச்சு வாங்குது சார்" என்றார். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு இல்லீங்களா" என்றார் மகன். நாங்களும் தலையசைத்தோம். கருவியைச் சோதித்தோம், கருவி நன்றாக இருந்தது. இதயத்தைச் சோதிக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் கால் வீக்கத்தோடும், படுத்தால் மூச்சுத்திணறலோடும் வந்தார். அன்று எக்கோ எடுத்துப் பார்த்தபோது, பேஸ்மேக்கர் வைக்கும் முன் 60 விழுக்காடாக இருந்த வெளியேற்ற விகிதம் 34-ஆகக் குறைந்திருந்தது. இதய இரத்தக் குழாய்களில் அடைப்பு ஏதுமில்லை. அவர் இதயத்தைத் தளரச் செய்தது, அவரைக் காப்பாற்ற நாங்கள் ஊன்றிய அதே கம்பிதான். மலையில் பாதிப் படியில் அவர் நின்ற அன்றே எக்கோ எடுத்திருந்தால் ஓராண்டுத் துன்பம் மிச்சமாகியிருக்கும். அதை வயதின் மேல் ஏற்றியது எங்கள் பிழை.

வெளியேற்ற விகிதம் என்பதைப் பற்றி ஒரு சொல். இடக் கீழறை நிறைந்திருக்கும்போது அதிலுள்ள இரத்தத்தில், ஒரு துடிப்பில் எத்தனை விழுக்காடு வெளியே தள்ளப்படுகிறது என்பதே இது. எக்கோ அறிக்கையில் 60 என்று கண்டதும், "நூற்றுக்கு அறுபதுதானா?" என்று கலங்கும் குடும்பங்களை வாரந்தோறும் பார்க்கிறோம். இது பள்ளித் தேர்வு மதிப்பெண் அன்று. 55 முதல் 70 வரை இருந்தால் இதயம் நலமாக இருக்கிறது என்று பொருள். எவர் இதயமும் 100 தள்ளுவதில்லை. 50-க்குக் கீழ் இறங்கினால் கவனிக்க வேண்டும். 35-க்குக் கீழ் இறங்கினால் மிகவும் கவனிக்க வேண்டும்.

நுனியில் ஊன்றிய எல்லாருக்கும் இந்நிலை வருமா? வராது. முழு அடைப்புள்ள, தொடக்கத்தில் இதயம் நலமாக இருந்த 823 பேரைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 12.3 விழுக்காட்டினருக்கு இவ்வகைத் தளர்ச்சி ஏற்பட்டது. அதாவது எட்டில் ஒருவர். மீதமுள்ள ஏழு பேரின் இதயம் அந்தக் குறுக்கு வழியையும் தாங்கிக்கொண்டது. எவர் தாங்குவார், எவர் தாங்கமாட்டார் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இயலாது என்பதே சிக்கல். கருவி கீழறையை எவ்வளவு அதிகமாகத் தூண்டுகிறதோ அவ்வளவுக்கு ஆபத்து கூடுகிறது. 2002-இல் வெளிவந்த டேவிட் என்னும் ஆய்வுதான் இதை உரக்கச் சொன்னது. ஏற்கெனவே இதயம் தளர்ந்திருந்த 506 பேருக்குக் கருவி பொருத்தி, ஒரு பிரிவினருக்கு அது அடிக்கடி தூண்டுமாறும், மற்றப் பிரிவினருக்கு மிகத் தேவையானபோது மட்டும் தூண்டுமாறும் அமைத்தார்கள். அடிக்கடி தூண்டப்பட்டவர்களே அதிகமாக நலிந்தார்கள். கூடுதலாக உதவுவதாக எண்ணியது உபத்திரவமாயிற்று.

இதிலிருந்து முதல் பாடம் கிடைத்தது: தேவையில்லாதபோது கீழறையைத் தூண்டாதே. சைனஸ் கணு மட்டும் சோர்ந்து, நடுவாயிலும் கீழ்ப்பாதையும் நலமாக இருப்பவர்களுக்கு மேலறையைத் தூண்டினால் போதும். செய்தி இயற்கைப் பாதையிலேயே இறங்கிவிடும். இக்காலக் கருவிகளில் இதற்கென்றே நிரல்கள் உள்ளன. இத்தகையோருக்குக் கீழறைக் கம்பி எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு பெரிய கேள்வி அன்று, அது பெரும்பாலும் ஓய்வில் இருப்பதால். நெசவாளரைப் போல முழு அடைப்பு உள்ளவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுடைய ஒவ்வொரு துடிப்பும் கம்பியின் நுனியிலிருந்தே பிறந்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் துடிப்புகள். இடம் பற்றிய கேள்வி இவர்களுக்கே உயிரானது.

நுனி வேண்டாம் என்றால் வேறு எங்கே? கம்பியைச் சற்று மேலே, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவரில் ஊன்றினால் மின்தூண்டல் நடுவிலிருந்து இருபுறமும் பரவுமே என்று பலரும் எண்ணினர். எண்ணம் அழகானது. ஆனால் 240 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், நுனியில் ஊன்றியவர்களுக்கும் இடைச்சுவரின் மேற்பகுதியில் ஊன்றியவர்களுக்கும் இதயச் செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. காரணம் எளிது. இடைச்சுவரின் வலப்புற மேற்பரப்பும் சாதாரணத் தசைதான். கம்பி இடம் மாறியதே தவிர, விரைவுப் பாதையைத் தொடவில்லை. செய்தி இன்னும் காதுக்குக் காதாகத்தான் பரவுகிறது.

அடுத்த வழி, இரு கீழறைகளையும் தனித்தனியே தூண்டுவது. வலக் கீழறையில் ஒரு கம்பி. இதயத்தின் பின்புறச் சிரை வழியாக இடக் கீழறையின் வெளிச்சுவருக்கு மற்றொரு கம்பி. இரண்டும் ஒருசேரத் தூண்டுவதால் சுவர்கள் ஓரளவு ஒத்திசைந்து சுருங்குகின்றன. ஹாங்காங் மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இதயம் நலமாக இருந்த 177 பேர் பங்கேற்றனர். ஓராண்டு முடிவில் நுனியில் மட்டும் தூண்டப்பட்டவர்களின் வெளியேற்ற விகிதம் சராசரியாக 54.8, இரு கீழறைத் தூண்டல் பெற்றவர்களுக்கு 62.2. ஏற்கெனவே இதயம் தளர்ந்து, இடக் கிளையில் அடைப்பும் உள்ளவர்களுக்கு இம்முறை ஆயுளையே நீட்டுகிறது என்பது இருபது ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. குறைகளும் உண்டு. கம்பிகள் கூடுகின்றன, அறுவை நேரம் கூடுகிறது, கருவியின் விலை கணிசமாகக் கூடுகிறது. பின்புறச் சிரை சிலருக்கு வாகாக அமைவதில்லை. பெற்றவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிட்டுவதில்லை.

இரண்டு செயற்கை அலைகளை மோதவிடுவதைக் காட்டிலும், இயற்கை அமைத்த பாதையிலேயே மின்தூண்டலை இறக்கினால் என்ன? இக்கேள்விக்கு 2000-ஆம் ஆண்டில் செயலால் விடை தந்தவர், அமெரிக்காவில் பணிபுரிந்த இந்தியரான பிரமோத் தேஷ்முக். அவரும் அவர் குழுவினரும் கம்பியை நேரடியாக ஹிஸ் கற்றையிலேயே நிலையாக ஊன்றிக் காட்டினர். ஈசிஜி இயற்கைத் துடிப்பைப் போலவே குறுகலாக இருந்தது. ஆயினும் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மிகச் சிலரே இதைப் பின்பற்றினர். ஹிஸ் கற்றை சில மில்லிமீட்டர் அகலமே உள்ள தண்டு. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் அதைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. பிடித்தாலும், காலப்போக்கில் அதைத் தூண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதும், அதனால் பேட்டரி விரைவில் தீர்வதும் உண்டு. அடைப்பு ஹிஸ் கற்றைக்குக் கீழே இருந்தால் பயன் நிச்சயமில்லை.

திருப்பம் 2017-இல் சீனாவின் வென்சோ நகரிலிருந்து வந்தது. ஹுவாங் வெய்ஜியான் குழுவினர் கம்பியை வலப்புறமிருந்தே இடைச்சுவருக்குள் ஆழமாகத் திருகிச் செலுத்தி, சுவரின் மறுபுறம் விசிறிபோல் பரந்திருக்கும் இடக் கிளையைத் தொட்டார்கள். ஹிஸ் கற்றை ஒற்றைத் தண்டு என்றால் இடக் கிளை பரந்த வலை, இலக்கு பெரிது. சுற்றிலும் தசை இருப்பதால் கம்பி நன்கு பற்றுகிறது. குறைந்த மின்னழுத்தமே போதும். இதனை இடக் கற்றைக் கிளைத் தூண்டல் என்கிறோம்.

இம்முறையின் வளர்ச்சியில் தமிழர் பங்கு பெரிது என்பதை இங்கே மகிழ்வோடு குறிப்பிடலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பணிபுரியும் மருத்துவர் புகழேந்தி விஜயராமன், ஹிஸ் கற்றைத் தூண்டலையும் இடக் கிளைத் தூண்டலையும் உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர். நம் மாநிலத்தில் மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சண்முக சுந்தரம் பொன்னுசாமி குழுவினர் தொடக்கத்திலேயே இம்முறையைக் கையிலெடுத்துத் தம் அனுபவங்களைப் பன்னாட்டு ஆய்விதழ்களில் தொடர்ந்து எழுதிவருகின்றனர். கம்பியைத் திருகும்போது இடையிடையே தோன்றும் தனித் துடிப்புகளின் வடிவத்தைக் கொண்டே கம்பி இடக் கிளையை எட்டிவிட்டதா என்று அறியலாம் என அவர்கள் விளக்கியது, எங்களைப் போன்றோருக்கு அன்றாடம் பயன்படுகிறது.

அறுவை அரங்கில் நடப்பது என்ன? மார்பின் மேற்பகுதியை மட்டும் மரக்கச் செய்கிறோம். பெரும்பாலும் நோயாளி விழித்தே இருப்பார். காறை எலும்புக்கடியிலுள்ள சிரையில் ஊசி செலுத்தி, அதன் வழியே வளைந்த குழல் ஒன்றை வலக் கீழறைக்குள் இறக்குகிறோம். அக்குழல் இடைச்சுவரை நேராக நோக்குமாறு வளைக்கப்பட்டிருக்கும். அதனூடே ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியைச் செலுத்தி, நுனித் திருகைத் தசையில் பதித்து, மெல்ல மெல்லத் திருகுகிறோம். இடைச்சுவரின் தடிமன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஒவ்வொரு திருகலுக்கும் ஈசிஜி மாறுகிறது. தொடக்கத்தில் அகலமாக, முரடாக இருக்கும் அலை, ஆழம் செல்லச்செல்லக் குறுகுகிறது. ஒரு கட்டத்தில் அலையின் வடிவமே சட்டென மாறி, இடக் கீழறை விரைந்து தூண்டப்படுவதைக் காட்டுகிறது. அங்கே நிறுத்திவிட வேண்டும். மேலும் இரண்டு திருகு போனால் கம்பி சுவரைத் துளைத்து இடக் கீழறைக்குள் எட்டிப்பார்க்கும். இந்த ஒரு கணத்துக்காக அரங்கில் எல்லாரும் பேச்சை நிறுத்தித் திரையையே நோக்கியிருப்போம். படுத்திருப்பவர், "என்னங்க ஆச்சு, ஏன் அமைதியாயிட்டீங்க?" என்று கேட்டதும் உண்டு.

துளைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் 2533 பேரிடம் இம்முறையை முயன்று 2022-இல் வெளியிட்ட பதிவேட்டில், அறுவையின்போதே இடைச்சுவரைக் கம்பி துளைத்தது 3.7 விழுக்காட்டினருக்கு. பெரும்பாலும் உடனே கண்டறிந்து, கம்பியை வெளியே இழுத்து வேறிடத்தில் ஊன்றினால் போதும். துளை தசையால் தானே மூடிக்கொள்ளும். அதே பதிவேட்டில், துடிப்புக் குறைவுக்காகச் செய்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும், இதயச் செயலிழப்புக்காகச் செய்தவர்களில் 82 விழுக்காட்டினருக்கும் கம்பி உரிய இடத்தை அடைந்தது. அதாவது, திறமையான கைகளிலும் சிலருக்கு இது கைகூடாது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், "முடியவில்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பலன் எப்படி? இதயச் செயலிழப்புள்ள 40 பேரை இரு பிரிவாகக் குலுக்கிப் பிரித்து 2022-இல் வெளியான ஒரு சீன ஆய்வில், ஆறு மாதத்தில் இடக் கிளைத் தூண்டல் பெற்றவர்களின் வெளியேற்ற விகிதம், இரு கீழறைத் தூண்டல் பெற்றவர்களைவிட ஏறத்தாழ 5.6 புள்ளிகள் கூடுதலாக உயர்ந்தது. விஜயராமன் தலைமையில் 2023-இல் வெளியான பன்னாட்டு ஒப்பீட்டில் 1778 பேர் இருந்தனர். இறப்பு அல்லது இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்தல் என்னும் விளைவு, இடக் கிளைப் பிரிவில் 20.8 விழுக்காடு; இரு கீழறைப் பிரிவில் 28 விழுக்காடு. முன்னது சிறிய ஆய்வு. பின்னது குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத ஒப்பீடு. ஆகவே இவற்றை இறுதித் தீர்ப்பாக நாங்கள் கொள்வதில்லை. பல்லாயிரம் பேரைச் சேர்க்கும் நோக்கோடு குலுக்கல் முறை ஆய்வுகள் மேலைநாடுகளில் தொடங்கப்பட்டுள்ளன. எங்கள் கருத்து இது: முழு அடைப்புள்ளவருக்குப் புதிதாகப் பேஸ்மேக்கர் வைப்பதாயின் முதல் முயற்சி இடக் கிளையிலேயே இருக்கட்டும். இயலாவிட்டால், இதயம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இரு கீழறைத் தூண்டல். இதயம் நலமாக உள்ளவருக்குப் பழைய முறை, ஆனால் கட்டாயமான எக்கோ கண்காணிப்போடு. இதோடு உடன்படாத நல்ல மருத்துவர்களும் உள்ளனர். இருபதாண்டுகள் கழித்து அக்கம்பிகளின் நிலை என்ன, தேவைப்பட்டால் அவற்றை எளிதில் வெளியே எடுக்கலாமா என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வியே. எண்பத்தைந்து வயதில் படுக்கையோடு இருப்பவருக்கு விரைவாக முடியும் எளிய முறையே சிறந்ததாக இருக்கலாம்.

கம்பியே இல்லாத பேஸ்மேக்கர் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மருந்துக் குளிகையளவுள்ள அக்கருவி நேராக வலக் கீழறைக்குள் வைக்கப்படுகிறது. கிருமித்தொற்று ஆபத்துள்ளவர்களுக்கு அது அரிய வரம். ஆயினும் அதுவும் தூண்டுவது வலக் கீழறைத் தசையையே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் மூன்று செய்திகளைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பது நல்லது. கருவி வைக்கும் முன் வெளியேற்ற விகிதம் எவ்வளவு, கம்பியின் நுனி எங்கே, கீழறைத் துடிப்பில் எத்தனை விழுக்காடு கருவி தருகிறது. முதலிரண்டும் வெளியேறும்போது தரும் அறிக்கையில் இருக்கும். மூன்றாவதை ஒவ்வொரு பரிசோதனையிலும் கேட்டு வாங்குங்கள். அது 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, கம்பி நுனியில் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் எக்கோ எடுக்க வேண்டும். "பேட்டரி நல்லா இருக்கு" என்ற சொல்லோடு மனநிறைவு கொண்டு போய்விடாதீர்கள். அதைச் சொன்னவர்கள் நாங்களே என்பதால் கூறுகிறோம்.

திருத்தணி வட்டாரத்தாருக்கு இன்னுமோர் அளவுகோல் கைவசம் இருக்கிறது. மலைக்கோயிலின் 365 படிகள். சென்ற ஆண்டு எந்த இடத்தில் முதலில் நின்றீர்கள், இவ்வாண்டு எங்கே நின்றீர்கள்? நூறு படி முன்னதாகவே நிற்க வேண்டியிருந்தால் அதை வயதின் மேல் ஏற்றாமல் எங்களிடம் சொல்லுங்கள். (இதைச் சோதிப்பதற்காக எவரும் புதிதாக ஏறத் தொடங்க வேண்டாம். மேலே செல்ல வாகனச் சாலையும் இருக்கிறது.) ஏறாதவர்கள், மாடிப்படியிலோ சந்தைக்கு நடக்கும் தொலைவிலோ இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். இரவில் தலையணை ஒன்றுக்கு இரண்டாகக் கூடினாலும், மாலையில் கணுக்கால் வீங்கினாலும், ஒரே வாரத்தில் எடை இரண்டு கிலோ ஏறினாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள். அருகிலிருந்து பார்ப்பது வீட்டார்தாம். நோயாளி சொல்லத் தயங்குவதை அவர்கள் சொல்லலாம்.

செலவு பற்றிய கவலை எல்லாருக்கும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் பொருத்துதல் அடங்கும். இடக் கிளைத் தூண்டலுக்குப் பெட்டி வழக்கமான பேஸ்மேக்கர்தான். கம்பியும் அதைச் செலுத்தும் குழலும் மட்டுமே வேறு. எனவே மூன்று கம்பிக் கருவியோடு ஒப்பிட்டால் செலவு வெகுவாகக் குறையும். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருவோர் ஆந்திர அரசின் காப்பீட்டு அட்டையோடு வருவதுண்டு. அந்த அட்டை எங்கே செல்லுபடியாகும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெளிவுபெறுங்கள். அறுவை நாளன்று அலைய நேர்வது நோயாளிக்குத் துன்பம்.

பழைய முறையில் கம்பி ஊன்றப்பட்டுப் பல ஆண்டுகள் நலமாக இருப்பவர்கள் இக்கட்டுரையைப் படித்து அஞ்ச வேண்டாம். உங்கள் இதயம் தாங்கிக்கொண்ட பெரும்பான்மையில் ஒன்று. எக்கோ நலமாக இருந்தால் கம்பியை மாற்றத் தேவையில்லை. பெட்டியின் பேட்டரி தீர்ந்து மாற்றும் காலம் வரும்போது, கம்பியையும் மறு ஆய்வு செய்யலாமா என்று கேளுங்கள். அதற்குரிய நேரம் அதுவே.

நெசவாளருக்கு வருவோம். அவருக்குப் பழைய கம்பியை அப்படியே விட்டுவிட்டு, இடக் கிளையில் புதிய கம்பியை ஊன்றினோம். ஈசிஜி அலையின் அகலம் 170 மில்லிநொடியிலிருந்து 116-ஆகக் குறைந்தது. மருந்துகளும் தொடர்ந்தன. ஆறாம் மாத எக்கோவில் வெளியேற்ற விகிதம் 50. முன்பிருந்த 60-க்குத் திரும்பவில்லை. இனித் திரும்புமா என்பதை வரும் எக்கோக்கள்தாம் காட்டும். அன்று அவர் மகன் கேட்டார்: "ஆடிக் கிருத்திகைக்கு அப்பா காவடி எடுக்கலாமா சார்? வேண்டுதல் இருக்கு." பெட்டி இருப்பது இடத் தோளுக்குக் கீழே, அறுவை முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, புண் நன்கு ஆறியிருந்தது. எடை குறைந்த காவடியை வலத் தோளில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும் முன்பே, நின்று நின்று ஏறலாம் என்றோம். அலகு குத்துவது மட்டும் வேண்டாம். அதன் வழி நுழையும் கிருமி இரத்தத்தில் கலந்து கம்பியில் போய்ப் படிந்துவிட்டால் எல்லாக் கம்பிகளையும் எடுக்க நேரிடும் என்று விளக்கினோம். பெரியவர் சற்று யோசித்து, "காவடியைப் பையன் எடுக்கட்டும் சார், நான் கூட நடந்து வரேன்" என்றார்.